பாடுவோர் இல்லாப் பாடகர் குழு: செயற்கைக் குரலின் வரலாறும் திருச்சபையின் பாடலும்

முன்னுரை

திருச்சபையின் இசையைக் குறித்து எழுதும்போதெல்லாம் நாம் பெரும்பாலும் பாடல்களைக் குறித்தே எழுதி வந்திருக்கிறோம். பாடலை இயற்றியவர் யார், அது எழுந்த சூழல் எது, அதில் அடங்கிய இறையியல் யாது என்பனவற்றை ஆராய்ந்திருக்கிறோம். பாடுகின்ற குரலைக் குறித்துத் தனியே சிந்திக்க வேண்டிய தேவை நமக்கு ஏற்படவில்லை. குரல் கேட்டால் அங்கே ஒரு மனிதர் இருக்கிறார் என்பது ஐயத்திற்கு இடமில்லாத செய்தியாக இருந்தது.

இன்று அந்நிலை மாறிவிட்டது. ஓர் இளைஞர் தம் வீட்டுச் சிறு அறையில் ஒரு கணினியையும் ஒரு கீபோர்டையும் வைத்துக்கொண்டு, ஐம்பது பேரோ நூறு பேரோ கூடிப் பாடுவது போன்ற ஓசையை ஒரு விரலால் எழுப்புகிறார். கிறிஸ்து பிறப்பின் நாட்களிலும் உயிர்ப்பின் நாட்களிலும் நம் சபை மக்கள் கேட்கும் புதிய பாடல்களின் பின்னணியில் ஒலிக்கும் பாடகர் குழு பலவேளைகளில் இவ்வகைப்பட்டதே. முன்னரே பதிவு செய்யப்பட்டுச் சேமிக்கப்பட்ட இக்குரல் துணுக்குகளை இசைஞர் ‘சாம்பிள்’ என வழங்குவர். நாம் இக்கட்டுரையில் குரல்மாதிரி என்றும் கூறுவோம்.

இது நல்லதா தீயதா என்று உடனே தீர்ப்புரைப்பது எளிது. ஆனால் வரலாற்றை அறியாமல் உரைக்கும் தீர்ப்பு நெடுநாள் நிலைப்பதில்லை. ஆதலால் செயற்கைக் குரல் எவ்வாறு தோன்றி வளர்ந்தது என்பதை முதலிற் கண்டு, அதன்பின் வழிபாட்டை நடத்தும் பொறுப்புடைய நாம் கேட்க வேண்டிய கேள்விகளை எடுத்துக்கொள்வோம். இவ்வரலாறு இரண்டு ஓடைகளாக ஓடிவந்தது. ஒன்று, மனிதக் குரலைப் பொறியினால் போலச்செய்யும் முயற்சி. மற்றொன்று, மனிதக் குரலையே பிடித்துச் சேமித்து வைக்கும் முயற்சி. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பது நம் ஆய்வுக்கு மிகவும் இன்றியமையாதது.

1. குரலைப் போலச்செய்தல்

முதல் ஓடையின் ஊற்று திருச்சபைக்குள்ளேயே இருக்கிறது. ஐரோப்பியக் கோயில்களின் பைப் ஆர்கன்களில் ‘வோக்ஸ் ஹுமானா’ என்றொரு குழல்வரிசை உண்டு. மனிதக் குரல் என்பதே அப்பெயரின் பொருள். பித்தளை நாக்கு அதிர, அதன்மேல் பொருத்தப்பட்ட குறுகிய குழாய் அவ்வதிர்வுக்கு வடிவு கொடுக்கும். மனிதனின் குரல்நாண்களும் வாய்க்குழியும் செய்கின்ற வேலையை அவை இரண்டும் செய்ய முயன்றன எனலாம்.

ஹாலந்து நாட்டு ஹார்லெம் நகரில் புனித பாவோ ஆலயத்தில் கிறிஸ்தியான் மியுலர் 1738-இல் கட்டி முடித்த ஆர்கன் இவ்வகையிற் புகழ்பெற்றது. 1766-இல் பத்து வயதுச் சிறுவனாயிருந்த மோட்சார்ட் அதை வாசித்தான். ஆறு ஆண்டுகளுக்குப்பின் 1772-இல் அங்குச் சென்ற ஆங்கில இசை வரலாற்றாசிரியர் சார்ல்ஸ் பர்னி, அதன் மனிதக் குரல் வரிசை தன்னளவில் நல்லதே என்றும், ஆயினும் மனிதக் குரலை அது சற்றும் ஒத்திருக்கவில்லை என்றும் எழுதிவைத்தார். ஜெர்மனியில் வைன்கார்ட்டன் மடத்து ஆலயத்தில் யோசேப்பு காப்ளர் 1750-இல் முடித்த ஆர்கனைப் பற்றியோ வேறொரு கதை வழங்கிற்று. மனிதக் குரலை ஒத்த ஓசையைப் பெறுவதற்காக அவர் பிசாசுடன் உடன்படிக்கை செய்தார் என்பதே அக்கதை. அது வெறுங்கதைதான். எனினும், உயிருள்ளவரின் குரலை உயிரற்றதிலிருந்து வரவழைக்கும்போது மக்கள் உள்ளத்தில் எழுந்த அச்சத்தை அது நமக்கு உணர்த்துகிறது.

போதகர்களாகிய நாம் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இக்காலத்தைச் சேர்ந்தது. கணித மேதையாகிய லெயோனார்டு ஆய்லர், சீர்திருத்தத் திருச்சபைப் போதகர் ஒருவரின் மகன். அவர் ஒரு ஜெர்மானிய இளவரசிக்கு எழுதிய கடிதங்களுள் 1761-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒன்றில், மனிதப் பேச்சின் எல்லா ஒலிகளையும் எழுப்பக்கூடிய பொறி ஒன்று செய்யப்படுமானால் அது பெரிய கண்டுபிடிப்பாகும் என்கிறார். அப்படியொன்று வாய்த்தால், போதிய குரல் வளமில்லாத பிரசங்கிமார், ஆர்கன் வாசிப்போர் இசையை வாசிப்பதுபோலத் தங்கள் பிரசங்கத்தை விசைகளில் வாசித்துவிடலாம் என்பது அவர் கருத்து. அது இயலாத காரியமன்று என்றும் அவர் கருதினார். பொறிக்குரலின் வரலாற்றில் இவ்வளவு தொடக்கத்திலேயே பிரசங்க பீடம் இடம்பெற்றுவிட்டது வியப்புக்குரியது. இச்செய்திக்கு நாம் மீண்டும் வருவோம்.

ஆய்லர் கருதியதைச் செய்து பார்த்தவர் ஹங்கேரியரான வொல்ஃப்காங் ஃபான் கெம்பெலன். நுரையீரலுக்கு ஒரு துருத்தி, குரல்நாணுக்கு ஓர் அதிர்நாக்கு, வாய்க்கு நெகிழ்வான ஒரு புனல் என அமைத்து, கையால் அதைத் திறந்தும் மூடியும் சில சொற்களைப் பேசவைத்தார். தம் ஆராய்ச்சியை 1791-இல் நூலாக வெளியிட்டார். பின்னாளில் மின்சாரம் துருத்தியின் இடத்தைப் பிடித்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஹோமர் டட்லி உருவாக்கிய ‘வோடர்’ என்னும் பேசும் கருவி 1939-ஆம் ஆண்டின் நியூயார்க் உலகக் கண்காட்சியில் காட்டப்பட்டது. பயிற்சி பெற்ற பெண்கள் விசைகளை இயக்கி அதைப் பேசச் செய்தனர். 1961-இல் அதே ஆய்வுக்கூடத்தில் ஐ.பி.எம். கணினி ஒன்று முதன்முதலாக ஒரு பாடலைப் பாடிற்று.

இவ்வோடையில் வந்த கருவிகள் எல்லாவற்றிற்கும் பொதுவான தன்மை ஒன்றுண்டு. அவற்றில் ஒலித்த குரல் எவருடைய குரலும் அன்று. அவை போலிகள். ஆனால் ஒருவரிடமிருந்து எடுத்து மற்றொருவருக்குக் கொடுக்கப்பட்டவை அல்ல.

2. குரலைச் சேமித்தல்

இரண்டாம் ஓடை 1877-இல் எடிசன் கண்ட ஒலிப்பதிவுக் கருவியிலிருந்து தொடங்குகிறது. ஒருவர் இல்லாத இடத்திலும் காலத்திலும் அவர் குரல் ஒலிக்கக்கூடும் என்பது அன்று மெய்ப்பிக்கப்பட்டது. ஆயினும் பதிவான குரல் பாடியதையே திரும்பப் பாடும். வேறு பாட்டைப் பாடாது. அதைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு துண்டாக ஒவ்வொரு கட்டையின் கீழும் வைத்துவிட்டால், இறந்தவரையும் தூரத்திலிருப்பவரையும் நம் விருப்பப்படி பாடவைக்கலாம் அல்லவா? இவ்வெண்ணமே குரல்மாதிரியின் வித்து.

கலிபோர்னியாவில் ஹாரி சேம்பர்லின் என்பவர் ஒலிநாடாவைக் கொண்டு இத்தகைய கருவிகளைச் செய்தார். அவற்றுள் இரண்டை அவருடைய விற்பனையாளர் ஒருவர் 1962-இல் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். அதன் விளைவாகப் பர்மிங்காமில் 1963 முதல் ‘மெல்லோட்ரான்’ என்னும் கருவி உருவாயிற்று. 1970-இல் வெளிவந்த அதன் சிறிய வடிவில் 35 கட்டைகள் இருந்தன. ஒவ்வொரு கட்டையின் கீழும் ஒரு நாடாத் துண்டு. கட்டையை அழுத்தினால் நாடா ஓடும். ஏறத்தாழ 8 விநாடிகளில் தீர்ந்துவிடும். விரலை எடுத்தவுடன் பின்னோக்கி இழுக்கப்பட்டுத் தொடக்கத்துக்குத் திரும்பும். வயலின், புல்லாங்குழல் ஆகியவற்றோடு பாடகர் குழுவின் குரலும் நாடாக்களில் அமைக்கப்பட்டது. 8 விநாடிக்குமேல் ஒரு சுரத்தை அதில் நீட்ட இயலாது. மூச்சு முட்டும் மனிதப் பாடகரைப்போல அக்கருவிக்கும் ஓர் எல்லை இருந்தது.

1975-இல் ‘டென் சீசீ’ என்னும் ஆங்கிலக் குழுவினர் வேறொரு வழியைக் கையாண்டனர். இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட் நகரிலுள்ள தங்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர்களுள் மூவர் ‘ஆ’ என்னும் ஒலியை ஒரே சுரத்தில் 16 முறை பாடிப் பதிந்தனர். மூன்று பேர் 16 முறை பாட, ஒரு சுரத்துக்கு 48 குரல்கள் ஆயின. இவ்வாறு 13 சுரங்களுக்கும் பாடி, மொத்தம் 624 குரல்களை நாடாச் சுருள்களாக்கி, ஒலிக்கலவை மேசையின் விசைகளை ஏற்றியும் இறக்கியும் அவற்றை ஓர் இசைக்கருவிபோல வாசித்தனர். மூவரே ஒரு பெரும் பாடகர் குழுவாயினர். வீட்டில் இசை அமைப்போர் இன்று தம் குரலையே பன்முறை பதிந்து அடுக்கும் முறைக்கு இதை ஒரு முன்னோடியாகக் கொள்ளலாம்.

நாடாவின் இடத்தில் எண்முறைப் பதிவு வந்தபோது பெருமாறுதல் உண்டாயிற்று. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் பீட்டர் வோகல், கிம் ரைரி ஆகிய இருவர் 1979-இல் வெளியிட்ட ‘ஃபேர்லைட்’ என்னும் கணினி இசைக்கருவி, எந்த ஒலியையும் எண்களாக்கிக் கட்டைகளில் பரப்பித் தந்தது. ஒரு குரலுக்கு அதிலிருந்த நினைவகம் 16 கிலோபைட் மட்டுமே. நல்ல தரத்தில் ஏறத்தாழ ஒரு விநாடி ஒலிதான் அதில் அடங்கும். அதன் விலையோ செல்வர்களுக்கே எட்டுவதாயிருந்தது. 1981-இல் ‘எமுலேட்டர்’ வந்தது. 1984-இல் ‘மிராஜ்’ என்னும் கருவி 1,700 டாலருக்கும் குறைந்த விலையில் வந்தது. 1983-இல் பல நிறுவனத்தாரின் கருவிகளும் தம்முள் பேசிக்கொள்ளும் ‘மிடி’ என்னும் பொதுமொழி வகுக்கப்பட்டது. 1991-இல் அதை ஒட்டி 128 ஒலிகளுக்கு உலகெங்கும் ஒரே வரிசை எண்கள் குறிக்கப்பட்டன. அவ்வரிசையில் 53 முதல் 55 வரையுள்ள எண்கள் குரலுக்கு உரியவை: ஒன்று ‘ஆ’ என்னும் பாடகர் குழு, மற்றொன்று ‘ஊ’ என்னும் குரல், மூன்றாவது செயற்கைக் குரல். நம் ஆலயங்களிலுள்ள கீபோர்டுகளில் ‘கொயர்’ என்ற பெயரோடு காணப்படும் ஒலியின் குலவரலாறு இதுவே.

இசைக்கூடம் வீட்டுக்குள் வந்ததும் இக்காலத்திலேதான். தமிழகத்தில் இதற்கு நாம் அறிந்த சான்று, ஏ. ஆர். ரகுமான் 1989-இல் சென்னையில் தம் வீட்டையொட்டி அமைத்த ஒலிப்பதிவுக் கூடமாகும். 1992-இல் வெளிவந்த ‘ரோஜா’ படத்தின் இசை, மின்னணுக் கருவிகளைக் கொண்டு சிறிய கூடத்திலும் பேரிசை அமைக்கலாம் என்பதை நம் மக்களுக்குக் காட்டிற்று. 1998-இல் வெளிவந்த ‘கிகாசாம்ப்ளர்’ என்னும் மென்பொருள், குரல்மாதிரிகளை நினைவகத்தில் அடக்காமல் கணினியின் வட்டிலிருந்தே நேரே வாசிக்கும் வழியைத் திறந்தது. அதனால் ஒரு விநாடி என்னும் எல்லை அழிந்தது. ஒவ்வொரு சுரத்தையும் மெல்லவும் உரக்கவும் குறுக்கியும் நீட்டியும் பாடிப் பதிந்த பெருந்தொகுப்புகள் வெளிவந்தன.

2004-இல் யமஹா நிறுவனத்தின் ‘வோக்கலாய்டு’ நுட்பத்தால் அமைந்த முதல் பாடும் மென்பொருள்கள் விற்பனைக்கு வந்தன. பாடகர் ஒருவரின் குரலொலிகளைத் துண்டுகளாக்கி, எழுதித்தரும் சொற்களை எழுதித்தரும் மெட்டில் அவை பாடின. 2005-இல் ‘ஈஸ்ட்வெஸ்ட்’ நிறுவனத்தின் பாடகர் குழுத் தொகுப்பு, சொற்களைத் தட்டச்சு செய்தால் குழு முழுவதையும் பாடவைக்கும் வசதியோடு வெளிவந்தது. செயற்கை நுண்ணறிவு வந்தபின் இந்நுட்பம் மேலும் கூர்மையடைந்துள்ளது. இரண்டு ஓடைகளும் இன்று ஒன்றாகக் கலந்துவிட்டன என்றே கூறவேண்டும்.

3. ‘ஆ’ என்னும் ஒலியின் பொருள்

சேமிக்கப்பட்ட பாடகர் குழு நெடுங்காலம் ‘ஆ’, ‘ஊ’ என்னும் உயிரொலிகளையே பாடி வந்தது ஏன்? இதற்குக் காரணம் தொழில் நுட்பமே. உயிரொலி நீண்டு நிற்கும். அதன் நடுப்பகுதியைச் சுற்றிச் சுற்றி ஒலிக்கச் செய்யலாம். மெய்யொலிகளோ கணத்தில் தோன்றி மறைவன. ஒரு சொல்லின் ஒலியிலிருந்து மறு சொல்லின் ஒலிக்கு நாவும் உதடும் தாவும் விதத்தை முன்கூட்டிப் பதிந்துவைப்பது அரிது. மேலும், ஒரு சுரத்தில் பதிந்த குரலைத் தொலைவான மற்றொரு சுரத்துக்கு இழுத்தால் அது சிறு பிள்ளையின் குரலைப்போலவோ பூதத்தின் குரலைப்போலவோ திரிந்துவிடும். நாம் பாடும் சுரம் ஏறினாலும் இறங்கினாலும் நம் வாய்க்குழியின் அளவு அதற்கேற்ப ஏறி இறங்குவதில்லை. பொறியோ சுரத்தோடு வாய்க்குழியின் சாயலையும் சேர்த்தே இழுத்துவிடுகிறது. இதனால்தான் நல்ல தொகுப்புகளில் நெருக்கமாகப் பல சுரங்களைத் தனித்தனியே பாடிப் பதிகிறார்கள்.

வீட்டில் இசை அமைக்கும் தேர்ந்த இளைஞர்கள் இக்குறைகளை மறைக்கும் வழிகளை அறிந்திருக்கிறார்கள். எல்லாக் குரல்களும் ஒரே கணத்தில் தொடங்காதவாறு சிறிது முன்பின்னாக அமைப்பர். சொற்றொடர்களுக்கிடையே மூச்சுக்கு இடம் விடுவர். பெரிய ஆலயத்தின் எதிரொலியைச் சேர்ப்பர். எல்லாவற்றிற்கும் மேலாக, பொறிக்குழுவின்மேல் உயிருள்ள இரண்டு மூன்று பேரைச் சொற்களைப் பாடவைத்துச் சேர்ப்பர். அவ்விரண்டு மூன்று குரல்களே முழுக்குழுவும் உண்மையானது என்ற உணர்வைக் கேட்பவருக்கு அளித்துவிடும். இவ்விளைஞர்களின் கைத்திறனை நாம் மதிக்கவேண்டும். அதே வேளையில், இத்திறன் ஒப்புக்கொள்ளும் உண்மை ஒன்றையும் கவனிக்கவேண்டும். சொல்லைச் சுமப்பதற்கு இன்னும் உயிருள்ள மனிதர் தேவைப்படுகிறார் என்பதே அது.

சொல்லின்றிப் பாடுவது திருச்சபைக்கு அந்நியமானதன்று என்று சிலர் மறுமொழி கூறலாம். அது சரியே. அல்லேலூயாவின் இறுதி உயிரொலியை நீட்டிப் பாடும் மரபு பழங்காலத் திருச்சபையில் இருந்தது. சங்கீத விளக்கங்களில் அகுஸ்தீனார், அறுவடை செய்வோர் மகிழ்ச்சி மிகுதியால் சொற்களை விட்டு வெறும் ஓசையாகப் பாடுவதை எடுத்துக்காட்டி, சொல்லில் அடங்காத கடவுளைப் போற்ற இதுவும் ஒரு வழியென விளக்குகிறார். ஆனால் அங்கே சொல் இல்லாமைக்குக் காரணம் உள்ளத்தின் நிறைவு. பொறியிலோ சொல் இல்லாமைக்குக் காரணம் நினைவகத்தின் குறைவு. கேட்கும் காதுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம். அதே அகுஸ்தீனார்தாம் தம் அறிக்கைகளின் 10-ஆம் புத்தகத்தில், பாடப்படும் பொருளைவிடப் பாட்டின் இனிமையே தம்மை அதிகமாய் அசைக்கும் வேளைகளைப் பாவமாகக் கருதி வருந்துகிறார் என்பதையும் நாம் மறத்தலாகாது. பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 14-ஆம் அதிகாரத்தில் உயிரற்ற வாத்தியங்களின் தெளிவற்ற ஓசையைச் சுட்டி, ஆவியோடு கருத்தும் சேர்ந்த பாடலையே தாம் நாடுவதாகக் கூறுவது இதனோடு ஒத்துப்போகிறது.

4. அது யாருடைய குரல்?

கெம்பெலன் பேசும் பொறியால் மட்டும் புகழ்பெற்றவர் அல்லர். 1770-இல் மரியா தெரேசா பேரரசியின் அவையில் சதுரங்கம் ஆடும் பொறி மனிதன் ஒன்றையும் அவர் காட்டினார். துருக்கியன் எனப் பெயர்பெற்ற அப்பொறி பல்லாண்டுகள் ஐரோப்பாவை வியப்பில் ஆழ்த்திற்று. அதன் பெட்டிக்குள் ஆட்டத்தில் தேர்ந்த மனிதர் ஒருவர் ஒளிந்திருந்தார் என்பதே அதன் இரகசியம். ஒரே மனிதர் செய்த இரண்டு பொறிகளுள் ஒன்றில் எவரும் இல்லை; மற்றொன்றில் ஒருவர் மறைந்திருந்தார். இன்று வீட்டில் ஒலிக்கும் பாடகர் குழு இவ்விரண்டில் எதனைச் சேர்ந்தது? அது சதுரங்கப் பெட்டியையே சேர்ந்தது. ஒரு பெண்மணி ஒருநாள் ஒரு கூடத்தில் நின்று, மூச்சை இழுத்து, ஒவ்வொரு சுரமாக ‘ஆ’ என்று பாடியிருக்கிறார். அவர் பெட்டிக்குள் இருக்கிறார். அவர் பெயர் நமக்குத் தெரியாது.

இதில் நீதியைச் சார்ந்த கேள்வி ஒன்று அடங்கியுள்ளது. 1990-இல் ‘எனிக்மா’ என்னும் இசைத்திட்டத்தின் பாடல் ஒன்று உலகெங்கும் பரவிற்று. அதில் ஒலித்த கிரகோரியப் பாடல், மூனிக் நகரின் ‘கப்பெல்லா ஆன்டிகுவா’ குழுவினர் 1976-இல் வெளியிட்ட இசைத்தட்டிலிருந்து அனுமதியின்றி எடுக்கப்பட்டது. வழிபாட்டுக்குரிய பாடல் காமச் சுவையுடைய பாடலுக்குப் பின்னணியாக்கப்பட்டது. பின்னர் வழக்கெழுந்து இழப்பீட்டினால் தீர்க்கப்பட்டது. விலைகொடுத்து உரிமத்தோடு வாங்கும் தொகுப்புகளில் இக்குற்றம் இல்லை. பாடியவர்கள் ஒப்புதலளித்துக் கூலி பெற்றிருக்கிறார்கள். ஆனால் நம் இளைஞர் பலரின் கணினிகளில் இருப்பவை விலைகொடுத்து வாங்கியவைதாமா என்று கேட்க நாம் தயங்குகிறோம். அறுவடை செய்தவர்களுக்குக் கொடாமல் நிறுத்திவைத்த கூலி தானே கூக்குரலிடுவதாக யாக்கோபு நிருபத்தின் 5-ஆம் அதிகாரம் கூறுகிறது. திருடப்பட்ட குரலால் துதி பாடும்போது அக்குரல் கர்த்தரின் செவியில் எவ்வாறு கேட்கும் என்று நாம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

நீதியினும் ஆழமான கேள்வியும் உண்டு. சொற்களைத் தட்டச்சு செய்தால் பாடும் குழுவைக் கொண்டு நாம் விசுவாசப் பிரமாணத்தையே பாடவைக்கலாம். அப்போது ‘நான் விசுவாசிக்கிறேன்’ என்று சொல்வது யார்? பாடிய பெண்மணி அச்சொல்லைச் சொல்லவில்லை. அவருடைய ஒலித்துணுக்குகளைக் கோத்து நாம் அவர் வாயில் அதை வைத்தோம். நாளை அதே குரல் ஒரு மதுவிளம்பரத்தையும் பாடும். விசுவாச அறிக்கை ஒருவர் தம் வாயினால் செய்வது என்று ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 10-ஆம் அதிகாரத்தில் கற்றிருக்கும் நாம், அறிக்கை செய்பவர் இல்லாத அறிக்கையை என்னவென்று அழைப்போம்?

கூலிக்குப் பாடும் பாடகரைத் திருச்சபை முன்னரே அறிந்திருக்கிறதே, அவர்கள் எல்லாரும் விசுவாசத்தோடுதான் பாடினார்களா என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆயினும் கூலிக்குப் பாடுபவர் ஆலயத்தில் நிற்கிறார். வாசிக்கப்படும் வேதத்தைக் கேட்கிறார். மறுக்கவும் அவரால் இயலும், மனந்திரும்பவும் இயலும். குரல்மாதிரிக்கு இவை எவையும் இல்லை.

5. திருச்சபையின் முன்னனுபவம்

யார் பாடுவது என்னும் வழக்கு திருச்சபையில் பழமையானது. 4-ஆம் நூற்றாண்டின் லவோதிக்கேயா சங்கம் தன் 15-ஆம் விதியில், மேடையேறி ஏட்டைப் பார்த்துப் பாடும் நியமனம் பெற்ற பாடகரைத் தவிர வேறெவரும் ஆலயத்தில் பாடலாகாது என விதித்தது. ஒழுங்கைக் காக்க எழுந்த விதி அது. ஆனால் நாளடைவில் மேலைத் திருச்சபையில் மக்கள் பெரும்பாலும் கேட்பவர்களாகவே ஆயினர். 1524-இல் வெளிவந்த எட்டுப் பாடல்கள் கொண்ட சிறு நூலோடு லுத்தரின் சீர்திருத்தம் பாடலை மக்கள் வாயில் திருப்பி வைத்தது. சூரிக்கில் ஸ்விங்கிலியோ வேறு வழி சென்றார். அவர் பல கருவிகளை வாசிக்க வல்லவர். எனினும் 1527-இல் அந்நகரின் பெரிய ஆலயத்து ஆர்கன் உடைத்து அகற்றப்பட்டது. பாடலும் நின்றது. 1598-இல்தான் அங்கு மக்கள் பாடல் மீண்டது. இங்கிலாந்திலும் 1644-இல் பாராளுமன்றம் ஆலயங்களிலிருந்து ஆர்கன்களை நீக்க ஆணையிட்டது. இக்கருவிகளை அகற்றியவர்களின் அச்சத்தில் உண்மை இருந்தது. ஆனால் கருவியை உடைத்ததனால் மட்டும் மக்கள் பாடிவிடவில்லை என்பதையும் சூரிக்கு நமக்குக் கற்பிக்கிறது.

நம் பொருளுக்கு மிக நெருங்கிய எடுத்துக்காட்டு, பழைய இங்கிலாந்தின் கிராம ஆலயங்களில் பயன்பட்ட உருளை ஆர்கன். ஒரு மர உருளையில் ஆணிகளை அடித்து, அதைக் கைப்பிடியால் சுழற்றினால் குறித்த மெட்டுகள் தாமே ஒலிக்கும். ஓர் உருளையில் பத்து மெட்டுகள் அளவில் அடங்கும். இசையறிவு வேண்டியதில்லை, கைவலிமை போதும். அதற்குமுன் அவ்வாலயங்களின் மேல்மாடத்தில் உழவரும் தச்சரும் செருப்புத் தைப்போரும் பிடிலும் குழலும் வாசித்துப் பாடிவந்தனர். உருளை ஆர்கனும் அதன்பின் ஹார்மோனியமும் வந்தபோது அக்குழுக்கள் கலைந்தன. 1872-இல் தாமஸ் ஹார்டி எழுதிய ‘அண்டர் த கிரீன்வுட் ட்ரீ’ என்னும் நாவல் அத்தகைய குழு ஒன்றின் முடிவைச் சித்திரிக்கிறது. இசை சீராயிற்று, ஆனால் ஆலயத்தில் தமக்கும் ஓர் இடமுண்டு என்றிருந்த எளிய மனிதர் சிலர் அவ்விடத்தை இழந்தனர்.

இதற்கு எதிரான எடுத்துக்காட்டு லைப்சிக் நகரில் கிடைக்கிறது. 1730-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் யோகான் செபஸ்தியான் பாக் நகரசபைக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். ஒரு பாடகர் குழுவுக்குக் குறைந்தது 12 பேராவது வேண்டும், 16 பேர் இருப்பின் நலம் என்றார். பள்ளியிலுள்ள மாணவர்களைக் கணக்கிட்டு, 17 பேர் பயன்படுவர், 20 பேர் இன்னும் பயன்படும் நிலைக்கு வரவில்லை, 17 பேர் எதற்கும் உதவார் என்று எழுதினார். அவருக்குப் பொறிக்குழு ஒன்று கிடைத்திருந்தால் உதவாத 17 பேரைப்பற்றி அவர் கவலைப்பட்டிருக்க வேண்டியதில்லை. பழகி வரவேண்டிய அந்த 20 பேரும் பழக்கப்பட்டிருக்கமாட்டார்கள். திருச்சபையின் பாடகர் குழு ஓசையை உண்டாக்கும் அமைப்பு மட்டுமன்று. பாடத் தெரியாதவரைப் பாடுபவராக்கும் பள்ளியும் ஆகும்.

6. நாம் செய்யத்தக்கவை

இவ்வரலாற்றிலிருந்து ஒரு சோதனைக் கல் நமக்குக் கிடைக்கிறது. ஒரு கருவி மக்களைப் பாடத் தூண்டுகிறதா, அல்லது மக்களுக்குப் பதிலாகத் தானே பாடுகிறதா என்பதே அது. ஆர்கனும் ஹார்மோனியமும் கீபோர்டும் இச்சோதனையில் சிலவேளை தேறின, சிலவேளை தவறின. குரல்மாதிரிக்கும் அதே சோதனைதான்.

கற்பித்தலில் இக்கருவி பெரிதும் உதவும். சுரக்குறிப்பு வாசிக்கத் தெரியாத கிராமச் சபையின் பாடகர் குழுவுக்கு நான்கு குரல்களையும் தனித்தனியே ஒலிக்கச் செய்து, ஆல்ட்டோ பாடுபவருக்கு ஆல்ட்டோவை மட்டும், டெனர் பாடுபவருக்கு டெனரை மட்டும் கேட்கக் கொடுத்தால், ஒரு மாதப் பயிற்சி ஒரு வாரத்தில் முடியலாம். புதுப்பாடல் இயற்றுவோர் தம் அமைப்பு எவ்வாறு ஒலிக்கும் எனக் கேட்டுத் திருத்திக்கொள்ளவும் இது நல்ல துணை. இங்கெல்லாம் பொறி முன்சென்று வழிகாட்ட, மனிதர் பின்வந்து பாடுகின்றனர்.

வெளியிடப்படும் பதிவுகளில், பயன்படுத்திய தொகுப்பு விலைகொடுத்து வாங்கப்பட்டதாயிருக்க வேண்டும். பாடகர் குழு பொறியினுடையது என்பதை மறைக்காமல் குறிப்பிடுவதும் நேர்மைக்கு அழகு. இயன்றவரை சபையின் உறுப்பினர் சிலரையேனும் அழைத்துச் சொற்களைப் பாடவைப்பது இசைக்கும் நலம், சபைக்கும் நலம். தொலைவு இதற்குத் தடையன்று. 2010-இல் எரிக் விட்டாகர் என்னும் அமெரிக்க இசையமைப்பாளர் 12 நாடுகளிலிருந்து 185 பேர் தத்தம் வீடுகளில் பதிந்தனுப்பிய குரல்களைச் சேர்த்து ஒரே பாடலாக்கினார். 2020-இல் கொள்ளைநோயினால் ஆலயங்கள் மூடியிருந்தபோது நம் சபைகள் பலவும் இவ்வழியைக் கற்றுக்கொண்டன. அவையும் கணினியிற் கோக்கப்பட்ட குரல்களே. ஆனால் ஒவ்வொருவரும் அந்தப் பாடலை, அந்தச் சொற்களை, தாமே மனமொப்பிப் பாடினர்.

ஞாயிறு வழிபாட்டைக் குறித்து நாம் இன்னும் கண்டிப்பாயிருத்தல் வேண்டும். பாடகர் குழுவில் முதிய தாய்மார் மூவரே மிஞ்சியிருக்கும் சபைகளை நாம் அறிவோம். அவர்கள் சுருதி சிலவேளை பிசகும், மூச்சும் போதாது. பொறியிலுள்ள நூறு பேரைக்கொண்டு அவர்களை மூடிவிடத் தோன்றும் சோதனை பெரிது. இங்கேதான் ஆய்லர் எழுதியதை நாம் நினைவுகூர வேண்டும். நம் குரல் கம்மிவிட்டது என்பதற்காக நம் பிரசங்கத்தைப் பொறியிடம் ஒப்படைக்குமாறு சபையார் சொன்னால் நாம் இசைவோமா? வார்த்தையை அறிவிப்பவர் உயிரோடு நின்று பொறுப்பேற்க வேண்டும் என்று நாம் வாதிடுவோம். அவ்வாதம் நமக்குச் செல்லுமானால் அத்தாய்மாருக்கும் செல்லும். விசுவாசிகள் யாவரும் ஆசாரியரே என்பது நம் சீர்திருத்த மரபின் போதனை. பிரசங்க பீடத்துக்கு ஒரு நீதியும் பாடகர் வரிசைக்கு வேறொரு நீதியும் வைத்துக்கொண்டு அப்போதனையை நாம் காக்க இயலாது.

இறையியல் மாணவர்கள் தங்களுக்கு ஒப்படைக்கப்படும் முதற்சபையில் நல்ல கீபோர்டு இருக்கிறதா என்று பார்க்குமுன், யார் யார் பாடுகிறார்கள், யார் யார் பாடாமல் இருக்கிறார்கள் என்று பார்க்கட்டும். பாக் எழுதியதுபோல ஒரு கணக்கும் எழுதிக்கொள்ளட்டும். அதில் இன்னும் பயன்படும் நிலைக்கு வராதவர்கள் என்னும் வரிசையில் எழுதப்படும் பெயர்களே வரும் ஆண்டுகளில் அவர்களுக்கு ஒப்புவிக்கப்பட்ட ஊழியம்.